இரண்டாவது ஆள்

“அப்போ நான் சொன்னா கொடுப்பாங்கதானே?”

“கொடுக்காம என்ன? ஆலோசகர்னு உன்னைத்தானே போட்டிருக்கு. நீ யோசனை சொல்லுவ, அவங்க கொடுப்பாங்க.”

“நம்ம உட்கார்றவங்களுக்கும்?”

“நீ யாருக்குச் சொல்றியோ அவங்களுக்கு. நிலாவுக்குக் கொடுன்னு சொல்லிப் பாரு, ராக்கெட் பிடிச்சு அனுப்புவாங்க.”

அண்ணன் தங்கையிடம் சொன்னதைக் கேட்டு ஆடிட்டர் சிரித்தார். கட்டணம் கொடுப்பவர் அடிக்கும் எந்த ஜோக்குக்கும் சிரிப்பது அவர் தொழிலில் ஒரு பகுதி. சிரித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமி, சட்டப்படி பார்த்தால் அது ஒரு பரிந்துரைதான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் கீழே கடையில் டைல்ஸ் வெட்டும் இயந்திரம் அலற ஆரம்பித்துவிட்டது. அது அலறும்போது அந்த மாடியறையில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரம் ஓய்ந்தபோது ஆடிட்டர் சொல்ல வந்ததை மறந்திருந்தார். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார்.

பரிந்துரை என்ற அந்த ஒரு சொல் தங்கையின் காதில் விழாமல் இல்லை. விழுந்தும் அவள் கலங்கவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய அப்பா.

நாற்பதைத் தாண்டியும் அவள் அந்தக் குடும்பத்துக்குச் சின்னவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதிரில் உட்காருகிறவர்களிடம் “இது தெளிவா இருக்கா, இதுவா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். அண்ணனுக்கு டைல்ஸ் கடை. கடைக்கு மேலிருந்த அந்த அறை அவர்கள் அப்பா தொடங்கிய அறக்கட்டளையின் அலுவலகம். ஒரு இரும்பு அலமாரி, ஒரு மேசை, சுவரோரம் சாய்த்து வைத்த மாதிரி டைல்ஸ்கள், எல்லாவற்றின் மீதும் கீழேயிருந்து ஏறிவந்த வெள்ளைத் தூசி. அப்பா இறந்த பிறகு கையெழுத்து அண்ணனுடையது, ஓட்டமும் நடையும் சின்னவளுடையது.

அப்பா வாழ்நாளில் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. “ஒரு யோசனை சொல்றேன்” என்பார். ஒரு யோசனை சொல்றேன், கல்லூரி போதும், கடையைப் பாரு, என்றார். அண்ணன் கடையைப் பார்த்தான். ஒரு யோசனை சொல்றேன், அந்தப் பையன் சரிப்படமாட்டான், என்றார். சின்னவள் அந்தப் பையனை மறந்தாள், பிறகு எந்தப் பையனையும் நினைக்கவில்லை. அந்த வீட்டில் யோசனை என்ற சொல்லுக்கு மறுபேச்சு என்ற ஒன்று கிடையாது. வேறு வீடுகளில் யோசனை சொன்னால் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்பது அவளுக்கு ஏட்டளவில் தெரியும். ரத்தத்தில் தெரியாது.

அதனால் நிதியம் அனுப்பிய தாள்களில் தன் பெயருக்கு நேரே ஆலோசகர் என்று பார்த்தபோது, அப்பாவின் குரலையே எடுத்துத் தன் தொண்டையில் வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. இனி தான் யோசனை சொல்லலாம். கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். அறக்கட்டளையைக் கலைத்து, அதனிடம் இருந்த எல்லாவற்றையும் ஒரு பெரிய நிதியத்திடம் ஒப்படைத்துவிடுவது. முதலீடு, தணிக்கை, வரி எல்லாம் அவர்கள் பாடு. நிதிக்கு அப்பாவின் பெயரே இருக்கும். அண்ணன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு துறையிலிருந்து நோட்டீஸ், தாமதத்துக்கு அபராதம், விளக்கம் கேட்டு இன்னொரு நோட்டீஸ். கூட்டத்துக்கு வரும் அறங்காவலர்களில் ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் வந்ததும் தூங்கிவிடுவார், மூன்றாமவர் இறந்துபோய்விட்டதையே ஒரு கூட்டம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். புலிவாலைப் பிடித்த கதையாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். நம்ம தலைமுறையோடு இது தானாகவே சாகப்போகிறது, அதற்கு முன்னால் நல்ல கையில் ஒப்படைப்போம் என்றான். அதில் பொய் இல்லை.

ஆனால் அண்ணன் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அதைச் சின்னவளும் சொன்னதில்லை.

அம்மா இறந்தது ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி வார்டில். அப்பா ஒரு ஆளாகவே ராப்பகல் பக்கத்தில் இருந்தார். சின்னவள் பள்ளிக்கூடம் போகும் சிறுமி, அவளை உள்ளே விடவில்லை. அண்ணன் வளர்ந்த பையன், விட்டார்கள், ஆனால் அவன் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வாசனைக்கே குமட்டுகிறது என்றான். அம்மா ஒருமுறை அவனைக் கேட்டாள். அப்பா அவனைக் கூட்டிவரக் கீழே இறங்கினார். கேட்டில் நின்று அவனிடம் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். திரும்பி மேலே போனபோது நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தார்.

அப்பா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதில் அறக்கட்டளை தொடங்கினார். “யாரும் தனியாகப் போகக் கூடாது” என்பது அதன் முதல் வாசகம். ஒவ்வொரு ஆண்டறிக்கையின் தலையிலும் அந்த வாசகம் இருக்கும். அதன் அடியில், அப்பா இருந்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு ஆண்டும் அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் திட்டியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

அறக்கட்டளையின் வேலை எளிமையானது. சொந்தபந்தம் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைப்பது. அதற்காகச் சில பெண்களும் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டரும் சம்பளத்துக்கு இருந்தார்கள். அவர்களுக்குப் பெரிய பட்டம் எதுவும் கிடையாது. உட்கார்றவங்க. அவ்வளவுதான். “இன்னிக்கு எங்க உட்கார்றீங்க?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மருந்து கொடுக்கக் கூடாது, உபதேசம் பண்ணக் கூடாது, கை நீட்டினால் பிடித்துக்கொள்ளலாம், நீட்டாவிட்டால் பிடிக்கக் கூடாது. “ஒண்ணும் ஆகாது” என்று மட்டும் சொல்லவே கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. அது அப்பா போட்டது. ஒத்தை ஆள் ஆளில்லை. ஒருவருக்குத் தாகம் எடுக்கும், கால் மரத்துப்போகும், கீழே போக வேண்டியிருக்கும், கண் சொருகும். சாவு அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்கும். ஆகவே எந்தக் கட்டிலுக்கும் மாற்றி மாற்றி உட்கார இரண்டாவது ஆள் இருந்தே தீர வேண்டும். இரண்டு பேர் இல்லையென்றால் அந்தக் கட்டிலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்பா அந்த விதியில் தன்னையே எழுதி வைத்திருந்தார் என்பது உட்கார்றவர்களுக்குத் தெரியாது.

அவர்களில் மூத்தவளை வார்டு முழுக்க நாற்காலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி முக்காலி இடுப்பைப் பிடிக்கிறது என்று சொந்தமாக ஒரு மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள். லிஃப்டில் யாராவது விசித்திரமாகப் பார்த்தால், “ஊர்ல எல்லாரும் நாற்காலிக்குத்தான அடிச்சுக்கிறாங்க? நான் சொந்தமா ஒண்ணு வச்சிருக்கேன்” என்பாள். அவளுக்கு யாரும் இல்லை. கல்யாணமாகிப் போன இடத்தில் எல்லாரும் ஒரு விபத்தில் போய்விட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள், அதற்கு மேல் அதைக் கிளறவிட மாட்டாள். எத்தனையோ பேரை வழியனுப்பியவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் தேநீர் ஆற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள்.

“என் முறை வரும்போது எனக்கும் ரெண்டு ஆள் போடுவியா கண்ணு?”

சின்னவள் போடுவேன் என்றாள். அக்கா ஆற்றிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள். கடன் கொடுத்தவர்கள்தான் வாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். நம்புகிறவர்கள் ஒரு தடவை கேட்டுக்கொள்வதோடு சரி.

பணம் நிதியத்தின் கைக்குப் போனபின் சின்னவள் முதல் யோசனையைச் சொன்னாள். உட்கார்றவர்களுக்கு எப்போதும் போலச் சம்பளம் கொடுங்கள் என்று. அதற்குப் பதில் தொலைபேசியில் வந்தது. பேசிய பெண்ணின் குரல் அவ்வளவு இனிமை. சின்னவள் மனசுக்குள் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர் வைத்தாள். உங்கள் பரிந்துரை எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று தேன்குரல் தொடங்கியது. ஆனால் தனிநபர்களுக்கு நிதியம் கொடுக்க முடியாது, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான். உட்காருவது என்ற செயல்பாடு எங்கள் பட்டியலில் எந்த வகைக்குள்ளும் வரவில்லை. அதன் பலனை எப்படி அளப்பீர்கள் என்று குழு கேட்கிறது.

பலனை எப்படி அளப்பது. சின்னவள் யோசித்துப் பார்த்தாள். உட்கார்ந்தாலும் செத்துப்போகிறார்கள், உட்காராவிட்டாலும் செத்துப்போகிறார்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கேட்கலாம். இதில் யாரைக் கேட்பது?

“அது எங்கப்பா பணம்” என்றாள் கடைசியில்.

“இப்போ நிதியத்தோட சொத்து மேடம். நீங்க கொடுத்துட்டீங்க.”

“திரும்ப வாங்க வழி இருக்கா?”

“கொடுத்தது கொடுத்ததுதானே மேடம்? அதனாலதான் அதுக்குக் கொடைன்னு பேரு.”

அதில் கேலி இல்லை. உண்மையாகவே இனிமையாகத்தான் சொன்னது அந்தக் குரல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். இங்கே சாமிதான் ஒப்புக்குச் சப்பாணி என்று சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா வீட்டு அகராதியை வைத்துக்கொண்டு ஊர் எழுதிய தாளைப் படித்துவிட்டாள்.

அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவன் நிஜமாகவே அதிர்ந்தான். அவனும் அதே வீட்டில் வளர்ந்தவன்தானே, யோசனை என்றால் நடக்கும் என்றுதான் அவனும் நம்பியிருந்தான். ஆடிட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டான். ஆடிட்டர், அன்றைக்கே சொன்னேனே சார், மெஷின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. பிறகு அண்ணன் கொஞ்ச நேரம் மேசைத் தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு இளைப்பாறலும் இருந்தது. இந்த ஆண்டிலிருந்து அந்த வாசகத்தின் அடியில் அவன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி படியிறங்கினாள்.

விட்டுவிடவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி பதிவு பெற்ற நிறுவனம்தானே, அதன் வழியாகக் கொடுக்கச் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகியைப் பார்க்கப் போனாள். அவர் அறையில் உயிருள்ளது போலவே ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், நல்ல காரியம் என்றார். ஆனால் ஆள் போட்டால் தொல்லை, நாளைக்கு நிரந்தரம் ஆக்கு என்று நிற்பார்கள், நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று வக்கீல் வருவார் என்றார். நோயாளிக்கு ஏதாவது ஆகத்தானே போகிறது என்று சின்னவள் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். நான் எழுதிப் பார்க்கிறேன், நீங்கள் பரிந்துரை செய்யுங்கள் என்றார் அவர்.

இறுதிக்கால நோயாளிகளுக்குத் துணை என்றுதான் அவள் பரிந்துரைத்தாள். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, அங்கிருந்து ஒரு குழுவுக்கு என்று நகர்ந்தது. ஏதோ ஒரு மேசையில் துணை என்பது துணைப்பொருட்கள் என்று ஆனது. நிதியம் உடனே சம்மதித்தது. வார்டில் கட்டிலுக்கு ஒன்றாகச் சாய்வு நாற்காலிகள் வந்து இறங்கின. பச்சை ரெக்ஸின், கை வைக்க மெத்தை, ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. புகைப்படம் எடுத்தார்கள். சின்னவளையும் நிற்கச் சொன்னார்கள், நின்றாள்.

அன்று சாயங்காலம் அவளும் நாற்காலியக்காவும் வார்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். இரண்டு வரிசைக் கட்டில், இரண்டு வரிசை நாற்காலி. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற கொட்டகை மாதிரி, அல்லது யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துபோன கொட்டகை மாதிரி இருந்தது.

“நாற்காலி நிறைய, ஆள் இல்ல” என்றாள் அக்கா. “அரசியல்ல இதுக்கு நேர்மாறு.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறொன்றாக மாறியது. அக்கா மடக்கு நாற்காலியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். ஒண்ணும் ஆகாது என்று சொல்லவில்லை.

சில காலம் சின்னவள் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்துப் பார்த்தாள். குடத்து நீரை ஊற்றி ஆற்றை ஓட வைக்கிற வேலை. பஸ் கண்டக்டர் மகளோடு வேறு ஊருக்குப் போனார். ஒருத்தி பல்பொருள் அங்காடியில் பில் போடப் போனாள், இன்னொருத்தி ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள. போகும்போது யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்காலியக்கா மட்டும் சம்பளம் இல்லாமலும் வந்துகொண்டிருந்தாள், ஆனால் ஒத்தை ஆளாக. அவள் கீழே தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஒரு முதியவர் போய்விட்டார். அன்றிலிருந்து அவளும் வரவில்லை.

மறுபடி வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தாள். வயிற்றில் கட்டி. அறுப்பதற்கு ஒன்றும் இல்லை, நாளைக் கடத்தலாம் என்று டாக்டர் சொன்னாராம். வார்டில் மூலைக் கட்டில்தான் வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே வெளிச்சம் கண்ணில் குத்தாது, அது அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்.

சின்னவள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பச்சை நாற்காலியில் சாய்ந்தவளை அக்கா விரலாட்டி எழுப்பினாள். அதில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும், உட்கார்றவர்களுக்கு அது ஆகாது, என் நாற்காலியை விரித்துக்கொள் என்றாள். சின்னவள் மடக்கு நாற்காலிக்கு மாறினாள். அது ஒரு பக்கம் லேசாகச் சாயும், அதனால் உடம்பு எப்போதும் விழிப்பாகவே இருக்கும். நாற்காலியக்காவின் தொழில் ரகசியம் அதுதான் போலிருக்கிறது.

அங்காடியில் பில் போடுகிறவள் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் இருப்பாள், வந்த களைப்பில் நின்றுகொண்டே ஆடுவாள். குழந்தை பார்க்கிறவளுக்கு வாரத்தில் ஒரு மதியம் கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் சின்னவள்தான். நாள் கணக்கு அவளுக்குத் தப்பிப்போனது. பல் விளக்கப் போனால் ஓடிவருவாள். தேநீரைக் கொதிக்கக் கொதிக்க விழுங்குவாள். கடை முதலாளி முதலில் பரவாயில்லை என்றார், பிறகு எப்போது வருவாய் என்றார், பிறகு அவர் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்தது. மூலைக் கட்டிலிலிருந்து பார்த்தால் வார்டு மிக நீளமாகத் தெரியும். தூரத்துக் கட்டில்கள் கரையிலிருந்து விலகிப்போகும் படகுகள் போல மங்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பச்சை நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெண்மணி அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சின்னவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஆள் எத்தனை கட்டிலைப் பார்ப்பது?

ஒரு மதியம் உடம்பு அவளைக் கேட்காமலே எழுந்துபோய்ப் பச்சை நாற்காலியில் விழுந்தது. விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத் தூங்கின. நான் பார்த்துக்கிட்டேன்.”

“அக்கா, நான்...”

“ஒத்தை ஆள் ஆளில்லை கண்ணு. அது உன் தப்பில்ல.” மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, முடியாமல், கையை விரிப்பின் மேல் நீட்டினாள். நீட்டினால் பிடிக்கலாம். சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா பேசவில்லை. மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நின்று, ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி இழுத்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னிக்கோ நாளைக்கோ, கூட இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்காடிக்காரிக்குப் போன் போட்டாள் சின்னவள். இன்று கணக்கெடுப்பு, விடமாட்டார்கள், மன்னிச்சிடுங்க என்று அவள் அழுதாள். குழந்தை பார்க்கிறவள் போனை எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சின்னவளின் கண்கள் அவளுடையதாக இல்லை. மடக்கு நாற்காலியின் ஆட்டம்கூட இப்போது தாலாட்டாகிவிட்டது. தலை ஒருமுறை கட்டில் கம்பியில் முட்டியது, அது வலிக்கவே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எழுந்து நின்று பார்த்தாள், நின்றபடியும் ஒரு கனவு வந்தது. கனவில் அப்பா கீழே கேட்டில் நின்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கையை விடாமல் மறுகையால் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். உடனே எடுத்துவிட்டான். எங்கே இருக்க, சாப்பிட்டியா என்று கேட்டான், கடைக்குப் புதிதாக வந்திருக்கும் சரக்கைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் எங்கேயிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சரக்கைப் பற்றிப் பேசினான்.

“அண்ணா” என்றாள். “ஒரு யோசனை சொல்றேன்.”

சரக்குப் பேச்சு பாதியில் நின்றது. அந்தச் சொற்களை அந்த வரிசையில் அவன் அப்பாவுக்குப் பிறகு யாரிடமிருந்தும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

“கிளம்பி வா. மூணாவது மாடி, மூலைக் கட்டில். வந்து இவங்க பக்கத்துல உட்காரு. எதுவும் பேச வேண்டாம். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடணும், அவ்வளவுதான்.”

போனுக்குள் டைல்ஸ் வெட்டும் இயந்திரம் அலறத் தொடங்கியது. அது அலறும்போது பேச முடியாது. அவள் காத்திருந்தாள். அக்காவின் மூச்சு இழுத்தது, நின்றது. அவள் அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள். மறுபடி இழுத்தது. பக்கத்தில் பச்சை நாற்காலி, முதுகில் அப்பாவின் பெயர், சாயங்கால வெளிச்சத்தில் அந்தத் தகடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரம் நின்றது. அண்ணன் போனை வைக்கவில்லை. அவன் மூச்சுவிடுவது கேட்டது.

“அண்ணா, வர்றியா?”